கல் நட்டாயிற்று, பெயர் எழுதுவது யார்?

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சயாம் மரண ரயிலைப் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்காக, படப்பிடிப்புக் குழுவோடு தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் சென்றிருந்தேன். காலையில் முதல் வேலையாக, நேச நாட்டுப் போர்க் கைதிகள் துயிலும் கல்லறைத் தோட்டத்தில் கேமராவை நிறுத்தினோம். சீராக வெட்டிவிட்ட புல்தரை. வரிசை தவறாமல் சின்னச் சின்னக் கற்கள். பெரும்பாலான கற்களில் இறந்தவரின் பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த தேதி எல்லாம் இருக்கின்றன. சில கற்களின் அடியில், ஊரிலிருந்த தாயோ மனைவியோ எழுதச் சொல்லி அனுப்பிய ஒரு வரியும் உண்டு. அந்த ஒரு தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர்.

அங்கிருந்து பக்கத்தில் உள்ள வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த ஆலயத்துக்குப் போனோம். அதே ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுப்பப்பட்ட நடுகல் அங்கேதான் நிற்கிறது. எங்கள் ஒளிப்பதிவாளர் ஒரு மலாய்க்கார நண்பர். கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், கேமராவைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பெயர்கள் எங்கே?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இன்றைய என் பேச்சு.

எதற்காக அந்தப் பாதை?

இளைய நேயர்களுக்காக வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த சில மாதங்களில் அவர்கள் பர்மாவையும் பிடித்தார்கள். பர்மாவில் இருந்த படைகளுக்கு ஆயுதமும் அரிசியும் போய்ச் சேர வேண்டும். கடல் வழியில் நேச நாட்டுக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் காத்திருந்தன. ஆகவே தரை வழியாக, காட்டையும் மலையையும் வெட்டி, சயாமிலிருந்து பர்மாவுக்கு ஒரு ரயில் பாதை போட முடிவு செய்தார்கள்.

சயாமின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரு முனைத் தண்டவாளங்களும் சந்தித்தபோது முடிந்தது. யந்திரங்கள் அதிகம் இல்லை. மண்வெட்டி, கூடை, சுத்தியல், உளி, யானை, மனிதத் தோள். இவற்றைக் கொண்டே ஓராண்டு சொச்சத்தில் அந்தப் பாதை போடப்பட்டது.

வேலை செய்தவர்கள் இரு வகையினர். ஒரு வகை, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க் கைதிகள், 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மற்றொரு வகை, ஜப்பானியர் 'ரோமுஷா' என்று அழைத்த ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், ஜாவானியர், மலாயாவிலிருந்து போன தமிழர், சீனர், மலாய்க்காரர். இவர்கள் 2 லட்சம் பேர் அளவில் இருந்தார்கள். மாண்டவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் நம் தோட்டத்துத் தமிழர்கள்.

போர்க் கைதிகளின் எண்ணிக்கையைச் சொல்லும்போது 'இத்தனை பேர்' என்கிறோம். நம்மவர்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போது 'இருக்கலாம்' என்கிறோம். இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்திலிருந்து சயாமுக்கு

சப்பான்காரன் காலத்தில் ரப்பருக்கு விலை இல்லை. வாங்கி ஏற்றுமதி செய்யக் கப்பலும் இல்லை, துரைமாரும் இல்லை. பால்மரம் வெட்டு நின்றது. வேலை நின்றதும் சம்பளம் நின்றது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கிப் போனது. மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளைச் சாப்பாடு. துணி கிடைக்காமல் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்ட கதையை நம் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்போம்.

அந்தப் பசியின் நடுவில்தான் ஆள் சேர்க்கும் செய்தி வந்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், அரிசிச் சோறு, தங்குமிடம், மருந்து எல்லாம் இலவசம் என்றார்கள். முதலில் சிலர் நம்பித்தான் போனார்கள். மூன்று மாதம் கழித்து ஒருவரும் திரும்பவில்லை என்றதும், பிறகு யாரும் விரும்பிப் போகவில்லை. அப்போது கட்டாயம் வந்தது. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆட்களைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டவர்கள் லாரியில் ஏறினார்கள். இலவசப் படக்காட்சி என்று கூப்பிட்டு, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிய கதையும் தோட்டப்புறங்களில் இன்றும் சொல்லப்படுகிறது.

பட்டியலைப் போட்டுக் கொடுத்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். கிராணியும் கங்காணியும் மேலிடத்து உத்தரவுக்குப் பயந்தார்கள். தனக்கு வேண்டியவர் பெயரை விட்டுவிட்டு, வேண்டாதவர் பெயரைச் சேர்த்தவர்களும் உண்டு. இதைச் சொல்வதால் யாருக்கும் பெருமை இல்லை. ஆனால் வரலாறு என்று வரும்போது நமக்கு இனிக்கும் பக்கத்தை மட்டும் படிக்க முடியாது.

ஆண்கள் மட்டும் போனார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். புருஷன் போகும் இடத்தில் சோறு கிடைக்கும் என்று நம்பி, பிள்ளைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போன பெண்களும் உண்டு. காற்றுப் புகாத சரக்கு வண்டிகளில், கால் நீட்ட இடமின்றி, நாள்கணக்கில் பயணம். பான் போங்கில் இறங்கிய பிறகு மழைக்காட்டுச் சேற்றில் நடை. அந்த நடையிலேயே பலரும் விழுந்தார்கள்.

ஒரே மழை, ஒரே நோய்

1943 மே மாதம் பருவ மழையோடு வாந்திபேதியும் வந்தது. அதே மாதங்களில்தான் ஜப்பானியர் வேலையை விரைவுபடுத்தினார்கள். 'ஸ்பீடோ, ஸ்பீடோ' என்று காவலர்கள் கத்திய காலம் அது.

போர்க் கைதிகளும் அதே மழையில், அதே நோயில், அதே அடியில்தான் இருந்தார்கள். அவர்கள் பட்ட துன்பத்தைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவர்களிடம் ஒன்று இருந்தது. அது ஒழுங்கமைப்பு. அவர்களோடு ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடிக்கக் கூடாது, கழிப்பிடம் இவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள்.

நம்மவர்களுக்கு மருத்துவரும் இல்லை, தலைவரும் இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். கூரை ஒழுகும் கொட்டகையில், நோயாளியின் பக்கத்திலேயே படுத்தார்கள். கால் புண் எலும்பு வரை அரித்தது. மலேரியாவில் நடுங்கினார்கள். சில முகாம்களில் ஒரே வாரத்தில் கொட்டகை கொட்டகையாகக் காலியானது. இறந்தவர்களை மொத்தமாகப் புதைத்தார்கள், அல்லது எரித்தார்கள். நிலைமை கைமீறியதும், சிங்கப்பூரிலிருந்து போர்க் கைதிகளான மருத்துவப் பணியாளர்களை 'கே' படை, 'எல்' படை என்ற பெயர்களில் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினார்கள். மருந்து கொடுக்காமல் மருத்துவர்களை மட்டும் அனுப்பி என்ன பயன்?

அவர்களுக்குப் பெயர் எப்படிக் கிடைத்தது?

இப்போது ஒளிப்பதிவாளரின் கேள்விக்கு வருகிறேன்.

போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில் ஒரு சிறிய குழு மீண்டும் அந்தப் பாதையில் பயணம் செய்தது. ஏறத்தாழ மூன்று வாரங்களில் 144 புதைகாடுகளையும் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். அது எப்படி முடிந்தது? முகாம்களில் இருந்தபோதே, யார் எந்த நாளில் இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று கைதிகள் ரகசியமாக எழுதி வைத்திருந்தார்கள். காவலர்கள் கண்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் எழுதினார்கள். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் உடல்கள் தேடி எடுக்கப்பட்டு, காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் பர்மாவின் தான்பியூசயாட்டிலும் மூன்று கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டன.

பெயர் தானாக நிலைத்துவிடவில்லை. ஒருவர் எழுதினார், இன்னொருவர் மறைத்து வைத்தார், வேறொருவர் தேடிப் போனார். அதனால்தான் அந்தக் கற்களில் இன்று பெயர் இருக்கிறது.

நம்மவர்களுக்காக அப்படித் தேடிப் போக எந்த ராணுவமும் இல்லை. உயிரோடு மிஞ்சியவர்கள் போருக்குப் பின் தோட்டங்களுக்குத் திரும்பினார்கள். வந்தவர்கள் சொன்னால்தான் வராதவர்களைப் பற்றிய செய்தி. "உங்க வீட்டுக்காரரை நான் கடைசியா அந்த முகாம்ல பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் அதுதான் மரணச் சான்றிதழ். பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

பணக் கணக்கு இதைவிடக் கசப்பானது. போருக்குப் பின் பிரிட்டன் அந்த ரயில் பாதையைத் தாய்லாந்துக்கு 12.5 லட்சம் பவுனுக்கு விற்றது. 1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16ஆவது விதி, போர்க் கைதிகளாக இருந்தவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக இழப்பீட்டுக்கு ஏற்பாடு செய்தது. அந்த விதியில் ரோமுஷாக்கள் இல்லை. 1967இல் மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 'ரத்தக் கடன்' என்று பேசப்பட்ட இழப்பீடாக 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்பில் பொருளும் சேவையும் கிடைத்தன. அது அரசுக்கும் அரசுக்கும் நடந்த கணக்கு. தோட்டத்து விதவையின் கையில் ஒரு காசும் வந்து சேரவில்லை.

1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' ஆங்கிலப் படம் உலகம் முழுவதும் ஓடியது. அந்தப் படத்தைப் பார்த்து எழுந்து வந்தவர்களுக்கு, அந்தப் பாதையில் தமிழன் ஒருவன் வேலை செய்தான் என்பதே தெரிந்திருக்காது. ஊடகத்தில் வேலை செய்கிறவர் என்ற முறையில் இது எனக்கு உறுத்துகிறது. நாம் சொல்லாத கதையை மற்றவர்கள் நமக்காகச் சொல்லமாட்டார்கள். நம் எழுத்தாளர்கள் மட்டும் மறக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இந்த மண்ணிலிருந்தே எழுந்தவை. கல்லில் சின்னம் வருவதற்கு முன்பே ரெங்கசாமி தம் நூலுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்.

கற்கள் வந்த கதை

காஞ்சனபுரியில் முதல் நினைவுக் கல்லை 1944இல் எழுப்பியவர்கள் யார் தெரியுமா? ஜப்பானிய ராணுவத்தினரே. வேலையில் இறந்தவர்களுக்கு அஞ்சலி என்று பல மொழிகளில் வாசகம் பொறித்து, பாலத்துக்குப் பக்கத்தில் கட்டினார்கள். அடித்தவனே அழுது காட்டியது போல்தான் அது.

வாட் தாவோர்ன் வராராம் ஆலயத்தில், ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேகரித்து ஒரு தூபியின் கீழே அடக்கம் செய்திருக்கிறார்கள். எந்த அரசும் கேட்காத நாளில், யார் எவர் என்று தெரியாத மனிதர்களுக்கு அந்தப் பிக்குகள் இடம் கொடுத்தார்கள். 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்கள் என்று கருதப்பட்ட அவர்களில் ஒருவருடைய பெயரும் தெரியவில்லை.

கடைசியாக, போர் முடிந்து 78 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023ஆம் ஆண்டு மே முதல் நாள், தொழிலாளர் தினத்தன்று, அந்த ஆலய வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்கான நடுகல் திறக்கப்பட்டது. தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சிக்குத் தமிழ்நாடு அரசு 10 லட்சம் ரூபாய் வழங்கியது. நம் நாட்டிலும் 'டெத் ரயில்வே இன்ட்ரஸ்ட் குரூப்' என்ற குழுவினர் பல ஆண்டுகளாக உயிர் பிழைத்தவர்களையும் குடும்பத்தாரையும் தேடி வந்திருக்கிறார்கள். தொடர்புள்ள எல்லாருக்கும் நம் சமுதாயம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் நடுகல் என்ற சொல்லுக்கு நம் மரபில் ஒரு பொருள் உண்டு. போரில் மாண்ட வீரனின் பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதினார்கள் என்று சங்க இலக்கியம் சொல்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல். அவற்றில் ஒரு கல்லில் இருப்பது சில சொற்களே: மாண்டவன் பெயர், ஓர் ஊரின் பெயர், அவன் மாண்ட ஆநிரைச் சண்டை. அவ்வளவுதான். அந்தச் சில சொற்களால் 2,000 ஆண்டுகளுக்குப் பிறகும் அவன் யார் என்று நமக்குத் தெரிகிறது. 1943இல் இறந்தவன் யார் என்று தெரியவில்லை.

தாலி கழற்றாத பூட்டி

இது என் வீட்டுக் கதையும்தான்.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டம். என் பாட்டியின் அப்பாவை 1943இல் சயாமுக்குக் கொண்டு போனார்கள். பாட்டிக்கு அப்போது நான்கு வயது. அவர் திரும்பி வரவில்லை. இறந்தார் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை. என் பூட்டி கடைசி வரை தாலியைக் கழற்றவில்லை. விசேஷங்களில் அவரைச் சுமங்கலியாக முன்னே நிறுத்துவதா, வேண்டாமா என்று உறவினர்கள் கையைப் பிசைவார்களாம். அதனால் அவரே விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். திதி கொடுக்க நாள் தெரியாது. ஆடி அமாவாசையில் இலை போடலாம் என்று யாராவது சொன்னால், "உசுரோட இருக்கிறவருக்கு இலை போடுவாங்களா?" என்று கோபித்துக்கொள்வாராம்.

நண்பர்களே, மாண்டவர்களோடு மட்டும் சயாம் ரயில் முடியவில்லை. வீட்டில் காத்திருந்தவர்கள் மீதும் அது ஓடியது. ஆண் துணை இல்லாத குடும்பங்கள் தோட்டத்தில் பட்ட பாடு, படிக்க வேண்டிய வயதில் பால் வாளி தூக்கிய பிள்ளைகள், எல்லாமே அந்தப் பாதையின் நீளத்தில் சேர்க்க வேண்டியவை. அந்த நடுகல் அவர்களுக்கும் உரியது.

காஞ்சனபுரியிலிருந்து திரும்பியதும் நேராகப் பாட்டியிடம் போனேன். "பாட்டி, உங்க அப்பா பேரு என்ன?" என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டதே இல்லை. வீட்டில் எல்லாரும் 'சயாமுக்குப் போன தாத்தா' என்றுதான் சொல்வோம். பாட்டி ஒன்றும் பேசவில்லை. மெதுவாக எழுந்து உள்ளே போய், தன் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

நம் நாட்டு அடையாள அட்டையில் நம் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? 'ஏ/எல்', 'ஏ/பி'. இன்னார் மகன், இன்னார் மகள். அதற்குப் பின்னால் அப்பாவின் பெயர். வங்கியில், மருத்துவமனையில், ஓட்டுப் போடும் இடத்தில் என் பாட்டி எங்கெல்லாம் அந்த அட்டையை நீட்டினாரோ அங்கெல்லாம் அந்தப் பெயரும் கூடவே போயிருக்கிறது. கல்லில் இல்லாத பெயர் பாட்டியின் கைப்பையில் இருந்தது.

நிகழ்ச்சியின் முடிவில் அந்தப் பெயரை, பாட்டியின் சம்மதத்தோடு, திரையில் எழுத்தாகக் காட்டினோம். ஒளிப்பதிவாளர் கேட்ட குளோசப் அதுதான்.

நம் கையில் உள்ள வேலை

சயாமுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இன்று நம்மோடு இல்லை. அவர்களின் பிள்ளைகளுக்கே எண்பது வயது தாண்டிவிட்டது. தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளை இடித்தபோது அவற்றோடு இருந்த பழைய காகிதங்களும் போயின. இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து இந்த வேலையைத் தொடங்கலாம் என்று நினைத்தால், கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், உறவில், பக்கத்து வீட்டில் 'எங்க அப்பா சயாமுக்குப் போனவர்' என்று சொல்லும் பெரியவர் யாராவது இருந்தால், இந்த வார இறுதியிலேயே பக்கத்தில் உட்காருங்கள். மூன்றே கேள்விகள் போதும். போனவர் பெயர் என்ன? எந்தத் தோட்டத்திலிருந்து போனார்? திரும்பினாரா, கடைசியாக எங்கே பார்த்ததாகச் சொன்னார்கள்? பதிலைத் தாளில் எழுதித் தேதி போடுங்கள். கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றை இந்த வரலாற்றைத் தேடுகிறவர்களிடம் ஒப்படையுங்கள். அவர் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அடையாள அட்டையை மட்டும் ஒரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.

புலிமான்கோம்பைக் கல்லில் இருந்ததும் இதுதானே? பெயர், ஊர், போன காரணம்.

முகாமில் இருந்த கைதிகள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் தங்கள் தோழர்களின் பெயர்களை எழுதி வைத்தார்கள். நமக்கு இன்று அந்த ஆபத்து இல்லை. ஒரு பேனாவும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும்.

இந்த ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் முதன்முறையாக ஓர் இலை கூடுதலாகப் போட்டோம். பூட்டி ஏற்றுக்கொள்வாரா என்று தெரியவில்லை என்றார் பாட்டி. பிறகு அவரே, அப்பாவின் பெயரைச் சொல்லித் தண்ணீர் வார்த்தார்.